நகக்கோடு

சவர்க்காரத் துண்டைக் கண்டாலே இராசமணிக்குப் பற்றிக்கொண்டு வரும். குளித்துக் குளித்துத் தேய்ந்து, இனி நுரைக்கவும் மாட்டேன் கரையவும் மாட்டேன் என்று அடம்பிடிக்கிற கடைசிச் சீவல். அதை நாலு நாள் வெயிலில் காயவைத்து, விளிம்பைக் கல்லில் உரசிக் கூராக்கித் துணியில் கோடு போட வேண்டும். கறுப்புத் துணி என்றால் கொஞ்சம் தெரியும். வெள்ளைத் துணியில் போட்டால் போட்டவளுக்கும் தெரியாது, மேலே இருக்கிறவனுக்கும் தெரியாது. அதற்குத்தான் அடுப்புக்கரி. கரி வெள்ளையில் வடிவாகத் தெரியும். வியர்த்த கை ஒருமுறை பட்டால் கோடு இருந்த இடம் பூனை புரண்ட மாதிரி ஆகிவிடும்.

பிறகு அந்த நூல். தச்சு வேலைக்காரர் கரியில் தோய்த்துப் பலகையில் சுண்டுவார்களே, அதே வித்தைதான். இராசமணி சாம்பலில் தோய்த்துத் துணிக்கு மேலே இழுத்துப் பிடித்துச் சுண்டுவாள். கோடு என்னவோ நேராகத்தான் விழும். விழுந்த கையோடு சோளகக் காற்று யன்னலால் வந்து ஊதிவிட்டுப் போகும். நெடுந்தீவில் சோளகம் தொடங்கினால் மனிசரே நிற்க ஏலாது, சாம்பல் நிற்குமா? முதலில் திருநீறுதான் எடுத்தவள். மாதர் சங்கத் தலைவி சறோஜினிதேவி ரீச்சர் கண்டுவிட்டு, "படுத்துப் புரளுற துணியிலை திருநீறோ இராசமணி? பாவம் பிடிக்கும்" என்று தடுத்துவிட்டார். திருநீறோ சாம்பலோ, காற்றுக்கு எல்லாம் ஒன்றுதான் என்று இராசமணி நினைத்தாள். சொல்லவில்லை. ரீச்சர் அவளுக்கு ஐந்தாம் வகுப்பில் பிரம்பால் அடித்தவர்; அந்தப் பயம் நாற்பத்தாறு வயதிலும் போகவில்லை.

இவ்வளவும் போதாதென்று, நாலு பல்லை மட்டும் விட்டு மற்றதெல்லாம் உடைத்த ஒரு சீப்பு. சாம்பலில் தொட்டு இழுத்தால் நாலு கோடு ஒன்றாக வரும், நாலும் ஒன்றாக அழியும். வட்டம் போட ஒரு பவுடர்ப் பேணியின் மூடி. பிறகு, அவளுடைய புருஷன் மார்க்கண்டு பனஞ்சிலாகையில் சீவிக் கொடுத்த, கோட்டுக்கு அணை பிடிக்கிற நாலடி அடிமட்டம். அந்த மனிசன் வாழ்க்கையில் செய்த ஒரே நேரான சாமான் அதுதான்.

"இதெல்லாம் ஒரு ஆயுதமோ? பிச்சைக்காரன்ரை பொட்டளி" என்பாள் இராசமணி, ஒவ்வொரு நாளும் அந்தப் பொட்டளியை அவிழ்க்கும்போது.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. யாழ்ப்பாணத்துக்குப் போகிற வழி சண்டையில் அடைபட்டு மூன்று வருடம். கப்பல் வந்தால் கடையில் அரிசி வரும், மா வரும். கோடு போடுகிற வெண்கட்டி வராது. ஒருவரும் வெண்கட்டி தின்று உயிர் வாழ்வதில்லை என்று மேலிடத்தில் யோசித்திருப்பார்கள். ஆனால் அதே கப்பலில், கொழும்பிலே சட்டை தைக்கிற தொழிற்சாலைகளில் வெட்டி மிஞ்சின துண்டுத் துணி மூட்டை மூட்டையாக வந்தது. ஒரு நிறுவனம் அனுப்பியது. அதை ஒட்டித் தைத்து நெடுந்தீவுப் பெண்கள் போர்வை செய்ய வேண்டும்; போர்வை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும், இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடத்துச் சீமெந்தில் படுத்திருக்கிற சனத்துக்கும் போகும்.

மேலே துண்டுத் துணி, நடுவில் பழஞ்சேலை, கீழே கழுவி வெளுத்த மாச்சாக்கு. மூன்றையும் சேர்த்துத் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நெருக்கமாக நூலோட வேண்டும். முதல் மூன்று போர்வையையும் கோடு போடாமல் கண்மட்டத்தில் தைத்தார்கள். ஒரு தோய்ச்சலோடு நடுவில் கிடந்த சேலை ஒரு மூலைக்குப் போய்ச் சுருண்டுகொண்டது. போர்வையைக் கொடியில் போட்டால் உள்ளே யாரோ ஒளித்திருக்கிற மாதிரி இருந்தது. அதோடு கோடு இல்லாமல் ஊசி இல்லை என்றாயிற்று.

கோடு போடுகிறது இராசமணியின் வேலை. தைக்க எட்டுப் பெண்கள் இருந்தார்கள். நேர்கோடு போட ஒருத்திதான். மற்றவர்கள் போட்டால் தலைமாட்டில் தொடங்கின கோடு கால்மாட்டில் பக்கத்து வளவுக்குள் போய்விடும். ஆனால் துண்டுத் துணியில் ஒரு கோடு என்றால் அது ஒரு கோடு இல்லை. ஒரு சாண் கறுப்பு, அடுத்த சாண் வெள்ளை, பிறகு பூ, பிறகு கட்டம். கறுப்புக்குச் சவர்க்காரம், வெள்ளைக்குக் கரி, பூவுக்கு என்னத்தைப் போட்டாலும் தெரியாது. ஒரு கோட்டுக்கு நாலு தரம் ஆயுதம் மாற்றி அவளுக்கு வெறுத்துவிட்டது. ஒருநாள் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு, அடிமட்டத்தை வைத்து, வலது கைப் பெருவிரல் நகத்தை அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தாள். கறுப்பிலும் தெரிந்தது, வெள்ளையிலும் தெரிந்தது, பூவிலும் தெரிந்தது. மூன்று துணியையும் மடித்துக் கொண்டு இறங்கின தடம். சோளகம் ஊதிப் பார்த்துத் தோற்றுப் போயிற்று.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த வினை. ஒரு போர்வைக்கு முப்பத்தாறு கோடு. பதினோராவது போர்வையில் நகம் நடுவால் பிளந்தது. பதின்மூன்றாவதில் நகக்கண் சிவந்து வீங்கியது. பதினைந்தாவதில் சீழ் வைத்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற இன்னாசித்தம்பி விரலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, நகத்தாலை கிணறு வெட்டினனீரோ?"

"கோடு கீறினனான்."

"இனிக் கீறாதையும். இன்னும் ரண்டு போர்வைக்கு உப்பிடிக் கீறினீரெண்டால் நகத்தைக் கழட்ட வேண்டி வரும். சீழ் எலும்புக்குப் போச்செண்டால் விரலே இல்லை. பிறகு ஊசியும் பிடிக்க ஏலாது, சோறும் பிசைய ஏலாது."

இராசமணி கையைப் பின்னுக்கு இழுத்தாள். பெருவிரல் இல்லாத கையை ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை, படிப்பு இல்லை, சீதனமாக வந்த காணியில் உப்புக்காற்றைத் தவிர ஒன்றும் விளைவதில்லை. இருந்தது இந்த ஒரு கைதான். இதுவும் போனால் தன்னிடம் மிஞ்சுவது வாய் மட்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரும் வரை விரலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். நல்லாகப் பயந்து போயிருந்தாள்.

அதனால்தான் அந்தப் பெட்டி வேண்டியிருந்தது. ரீச்சர் கொழும்புக்கு மூன்று கடிதம் எழுதி, மூன்றாவதற்குப் பதில் வந்திருந்தது. தையற்காரர் பாவிக்கிற கோடு போடும் சாமான் ஒரு பெட்டி இருக்கிறதாம். அஞ்சு நிறத்தில் வெண்கட்டி, துணியில் உருட்டினால் புள்ளி புள்ளியாகத் தடம் விடுகிற பல்லுச் சில்லு, இரும்பு அடிமட்டம். ஆனால் இப்போதைக்கு ஒரே ஒரு பெட்டிதான். நிறுவனத்துப் பொறுப்பாளர் திருமதி பரராசசிங்கம் நெடுந்தீவுக்கும் அனலைதீவுக்கும் நேரில் வருவாராம். எங்கே கூடத் தேவை என்று தன் கண்ணால் கண்டு, அங்கே கொடுப்பாராம்.

கடிதத்தை வாசித்த கையோடு ரீச்சர் சங்கக் கட்டடத்தைக் கழுவத் தொடங்கினார். தன் அலுமாரியிலிருந்து பூப்போட்ட பீங்கான் கோப்பைகளை இறக்கினார். மேசைக்கு விரிக்கக் கைப்பின்னல் விரிப்பு. எள்ளுருண்டைக்கு ஆள் ஒழுங்கு செய்தார்.

"உந்தக் கரிக்கட்டை, சாம்பல் சிரட்டை, சவுக்காரத் துண்டு, எல்லாத்தையும் ஒரு சாக்கிலை கட்டிக் குசினிக்குப் பின்னாலை வையுங்கோ" என்றார்.

"ஏன் ரீச்சர்? அதுகளைக் கண்டால்தானே எங்களிட்டை ஒண்டுமில்லையெண்டு அந்தப் பொம்பிளைக்கு விளங்கும்?" என்றாள் இராசமணி.

"விளங்கத் தேவையில்லை. கொழும்பிலையிருந்து வாறவ எங்களைப் பற்றி என்ன நினைப்பா?"

"இல்லாத சனமெண்டு நினைப்பா. அதைத்தானே நீங்கள் மூண்டு கடிதத்திலையும் எழுதினனீங்கள்?"

"கடிதத்திலை எழுதுறது வேறை, இராசமணி. வாசலுக்கு வந்து நிக்கிற ஆளின்ரை முகத்தைப் பாத்து இல்லையெண்டு சொல்லுறது வேறை."

இதுதான் இந்தச் சனத்தின் வியாதி என்று இராசமணிக்கு வயிறு எரிந்தது. வீட்டில் சீனி இல்லாவிட்டால் 'நாங்கள் சீனி பாவிக்கிறேல்லை, பனங்கட்டிதான் உடம்புக்கு நல்லது' என்பார்கள். ஒரு கதிரைதான் இருந்தால் 'எங்களுக்கு நிலத்திலை இருந்துதான் பழக்கம்' என்று சொல்லி வந்தவரை அதில் இருத்துவார்கள். உள்ளே பானை காலியாகக் கிடக்கும். வெளியே 'இருந்து சாப்பிட்டுட்டுப் போங்கோ' என்று மறிப்பார்கள். வந்தவரும் 'இப்பதான் சாப்பிட்டனான்' என்று பொய் சொல்லிவிட்டுப் பசியோடு போவார். இரண்டு பொய்க்காரரும் சந்தோசமாகக் கும்பிட்டுப் பிரிவார்கள். இப்படிப்பட்ட சனத்துக்கு ஒரு பெட்டி எப்படிக் கிடைக்கும்?

"அப்ப நானே கேக்கிறன். நீங்கள் ஒருத்தரும் வாயைத் திறக்க வேண்டாம்" என்றாள்.

"கேளும். மரியாதையாக் கேளும்" என்றார் ரீச்சர். அவருக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

மூன்று நாளாக இராசமணி ஒத்திகை பார்த்தாள். 'அம்மா, எங்களிட்டை ஒண்டுமில்லை. என்ரை விரல் போகப்போகுது. அந்தப் பெட்டியை எங்களுக்குத் தாங்கோ.' இவ்வளவுதான். குழை போடும்போது ஆட்டுக்குச் சொன்னாள். தண்ணீர் அள்ளும்போது கிணற்றுக்குச் சொன்னாள். வளவுக்குள் ஓலை வார்ந்துகொண்டிருந்த மார்க்கண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஆரோடை கதைக்கிறாய்?"

"ஆட்டோடை."

"அது என்ன சொல்லுது?"

"உங்களைவிட நல்லாக் காது குடுத்துக் கேக்குது."

மார்க்கண்டு சிரித்தார். "நீ ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேட்டறியாய். ஏசித்தான் அறிவாய். வாற பொம்பிளையை ஏசிப்போடாதை."

அந்த மனிசன் நாலு வார்த்தை பேசினால் மூன்று வீண் என்று இராசமணி நினைத்தாள். ஆனால் அன்றைக்கு இரவுச் சோறு அவளுக்கு இறங்கவில்லை. இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் ஒரு பிடி உப்புக்கூட அவள் அயலில் கேட்டதில்லை என்பது உண்மைதான்.

திருமதி பரராசசிங்கம் வந்த காலையில் இராசமணி எல்லாருக்கும் முன்னே போய், குசினிக்குப் பின்னால் கட்டி வைத்திருந்த சாக்கை அவிழ்த்து, ரீச்சரின் கைப்பின்னல் விரிப்புக்கு மேலேயே அவ்வளவையும் பரப்பினாள். கரி, சாம்பல் சிரட்டை, சவர்க்காரச் சீவல், நூல், சீப்பு, மூடி, அடிமட்டம். நீதிமன்றத்தில் சாட்சிக்கு வைத்த தடயம் மாதிரி ஒன்றொன்றாக. ரீச்சர் கண்டு கண்ணால் எரித்தார். அதற்குள் வாசலில் ஆள் வந்துவிட்டது.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கைத்தறிச் சேலை, சங்கிலியில் தொங்குகிற மூக்குக்கண்ணாடி, தோளில் ஒரு கமரா. "என்ரை அப்பப்பாவின்ரை ஊர் மடத்துவெளி. நானும் தீவு ஆள்தான்" என்று சிரித்துக்கொண்டு உள்ளே வந்தார். தீவு ஆள் என்றால் சோளகத்துக்குச் சேலைத் தலைப்பைச் செருகத் தெரிந்திருக்கும் என்று இராசமணி மனசுக்குள் சொன்னாள். வந்த அம்மாவின் தலைப்பு வாசலிலேயே பறந்து அவருடைய முகத்தை மூடிவிட்டது. அதை விலக்கி எடுக்க இரண்டு பெண்கள் ஓடினார்கள்.

பெட்டி மேசையின் மற்ற மூலையில் வந்து இருந்தது. சிவப்புத் தகரப் பெட்டி. அம்மா மூடியைத் திறந்து காட்டினார். வெண்கட்டிகள் ஒருவரும் தொடாமல் பால்பல்லு மாதிரி வரிசையாக இருந்தன. பல்லுச் சில்லின் கைப்பிடி மரத்தில். இராசமணிக்கு விரல் விண்விண் என்று குத்தியது. அது தன்னுடையது என்று அவள் அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

"சொல்லுங்கோ, உங்களுக்கு இஞ்சை என்ன குறை?" என்று அம்மா கேட்டார்.

"ஒரு குறையும் இல்லை. உங்கட புண்ணியத்திலை எல்லாம் நல்லா நடக்குது" என்றார் ரீச்சர், கேள்வி முடிய முதலே. கடிதம் எழுதின அதே ரீச்சர். பீங்கான் கோப்பையை நீட்டினார். "தேத்தண்ணி குடியுங்கோ."

இராசமணிக்கு நாக்கு நுனியில் நெருப்பு வந்தது. முன்னுக்கு வந்தாள். "ஒரு குறையும் இல்லையெண்டால் இதுகளைப் பாருங்கோ" என்று மேசையைக் காட்டினாள். "இதுதான் எங்கட ஆயுதம். குளிச்சு மிஞ்சின சவுக்காரம். அடுப்புக்கரி. இது சாம்பல்."

கேலியாகத்தான் சொன்னாள். அவளுடைய குரலில் இருந்த ஏளனத்துக்கு ஒரு கல்லே வெட்கப்பட்டிருக்கும். ஆனால் அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"சவுக்காரத்தாலையோ கோடு போடுறியள்?"

"ஓம். கறுப்புக்குத்தான் சரி. வெள்ளைக்குக் கரி."

"இந்த நூல்?"

"அது சாம்பலிலை தோய்ச்சுச் சுண்டுறது."

"சுண்டிக் காட்டுங்கோ பாப்பம்."

சுண்டிக் காட்டினால் கோடு எவ்வளவு கெதியில் அழியும் என்பதையும் காட்டலாம் என்று இராசமணி நினைத்தாள். ஒரு கறுப்புத் துணியை மேசையில் விரித்து நூலை எடுத்தாள். எட்டுப் பேரில் இளையவளான சிவக்கொழுந்தை மற்றத் தலைப்பைப் பிடிக்கச் சொன்னாள். சுண்டினாள். நூல் வீணைத் தந்தி மாதிரி ஒரு சத்தம் போட்டது. மேசையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மயிரிழை பிசகாத கோடு விழுந்தது. கேடுகெட்ட சோளகம், இரவு பகலாக ஊதுகிற சோளகம், அந்த நேரம் பார்த்து மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.

"அடடா!" அம்மா கையைத் தட்டினார். உண்மையாகவே தட்டினார். "என்ன வடிவு! ஒருக்கால் திரும்பச் செய்யுங்கோ, படம் எடுக்கவேணும்."

எட்டுப் பெண்களும் சேர்ந்து தட்டினார்கள். ரீச்சர்கூட. இராசமணி நிமிர்ந்து பார்த்தாள். இந்த நாற்பத்தாறு வருடத்தில் அவளுக்காக ஒருவரும் கை தட்டியதில்லை. தன் கலியாண வீட்டில்கூட எல்லாரும் மாப்பிள்ளையின் வேட்டியைத்தான் பார்த்தார்கள். அவளுடைய கோட்டில் ஊர் முழுக்கத் தைத்தது. கோடு நல்லது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வந்ததில்லை. காது சுட்டது. இன்னொருமுறை சுண்டினாள்.

பிறகு சீப்பைக் கேட்டார்கள், சீப்பால் இழுத்துக் காட்டினாள். மூடியை வைத்து, ஒன்றுக்குள் ஒன்று புகுந்த வட்டங்களைச் சவர்க்காரத்தால் போட்டுக் காட்டினாள். ஒரு பூவே வந்துவிட்டது. அம்மா கொப்பியில் எழுதிக்கொண்டே போனார். 'அடடா' என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னார். எள்ளுருண்டையை ஒருவரும் தொடவில்லை.

"கையிலை என்ன கட்டு?" என்று அம்மா கேட்டார்.

இதுதான் நேரம் என்று இராசமணிக்கு விளங்கியது. கட்டை அவிழ்த்தாள். பிளந்த நகத்தின் அடியில் பச்சையும் மஞ்சளுமாகச் சீழ் தெரிந்தது. சிவக்கொழுந்து முகத்தைத் திருப்பினாள்.

"நகத்தாலையும் கீறுறனான். அதுதான் எல்லாத் துணியிலையும் நிக்கும்."

"நகத்தாலையோ!" அம்மாவின் கண் விரிந்தது. காயத்தை அவர் காணவில்லை என்று சொல்ல முடியாது. கண்டார், ஆனால் கமரா வழியாகக் கண்டார். "கடவுள் தந்த கருவி. ஒண்டும் தேவையில்லை, பாத்தியளோ? ஒரே ஒரு கோடு, அக்கா. ஒரே ஒரு படம்."

வேண்டாம் என்று எந்த விசரிக்கும் சொல்லத் தெரியும். இராசமணி அடிமட்டத்தை வைத்தாள். நகத்தை ஊன்றினாள். வலி முழங்கை வரை ஏறி, அங்கிருந்து நெஞ்சுக்குப் போயிற்று. இழுத்தாள். அவள் வாழ்க்கையில் போட்ட எல்லாக் கோட்டிலும் அதுதான் நேரான கோடு. கரையில் ஒரு சொட்டுச் சீழ் மட்டும். மறுபடியும் எல்லாரும் தட்டினார்கள்.

"உங்களுக்கு இது கஷ்டமாயில்லையோ?" என்று அம்மா கேட்டார்.

ஆட்டுக்குச் சொன்ன வசனம், கிணற்றுக்குச் சொன்ன வசனம் தொண்டையில் வந்து நின்றது. வாயைத் திறந்தால் போதும். எட்டுப் பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பார்வையில் இதுவரை இல்லாத ஒரு மதிப்பு இருந்தது. அதை வைத்துக்கொண்டு எப்படி 'என்னிடம் இல்லை, தாங்கோ' என்று சொல்வது?

"இதிலை என்ன கஷ்டம்? பழகின கைக்கு இதெல்லாம் ஒரு வேலையோ?" என்றாள் இராசமணி.

சொன்ன பிறகுதான் தன் குரல் அவளுக்கே கேட்டது. ரீச்சரின் குரல் மாதிரியே இருந்தது.

அம்மா கொப்பியை மூடினார். கண் கலங்கியிருந்தது. "நான் ஒரு முடிவுக்கு வந்திட்டன்" என்றார். "இந்தப் பெட்டியை உங்களுக்குத் தாறது பாவம். தந்தனெண்டால் நாளைக்கு நீங்கள் எல்லாரும் வெண்கட்டியைத் தூக்குவியள், இந்தத் திறமையெல்லாம் செத்துப்போகும். அனலைதீவிலை எப்பிடியெண்டு போய்ப் பாக்கிறன். உங்களுக்கு இது தேவையே இல்லை." பெட்டியின் மூடியை டப்பென்று சாத்தினார். "இன்னொண்டு கேக்கலாமோ? கொழும்பிலை ஒரு கண்காட்சி வைக்கிறம். இந்தச் சாமானையெல்லாம் எனக்குத் தருவியளோ? நெடுந்தீவுப் பெண்களின்ரை கருவிகள் எண்டு எழுதி, இந்தப் படத்தோடை வைப்பம்."

வீடு தேடி வந்தவர் வாய்விட்டு ஒன்றைக் கேட்டால் நெடுந்தீவில் இல்லையென்று சொல்கிற வழக்கம் கிடையாது. ரீச்சர் இராசமணியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சவர்க்காரச் சீவல், சீப்பு, மூடி, சாம்பல் நூல், எல்லாவற்றையும் கைப்பின்னல் விரிப்போடேயே சுருட்டிக் கட்டினார். கரிக்கட்டையைக்கூட விடவில்லை. "இந்த அடிமட்டமும்?" என்றார் அம்மா. "அதுக்கென்ன, கொண்டுபோங்கோ" என்றாள் இராசமணி. வாய் தானாகச் சொன்னது. அம்மா அவளுடைய இரண்டு கையையும் பிடித்தார். காயம்பட்ட விரலையும் சேர்த்துத்தான் பிடித்தார். "நீங்கள் ஒரு கலைஞர், அக்கா."

இராசமணி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

வள்ளம் போன பிறகு இறங்குதுறையில் அவளும் ரீச்சரும் மட்டும் நின்றார்கள். சோளகம் மறுபடி ஊதத் தொடங்கியிருந்தது.

"கேக்கிறன் எண்டனீர்" என்றார் ரீச்சர்.

"நீங்கள் ஒரு குறையும் இல்லையெண்டு சொன்னனீங்கள்."

"நான் சொல்லுவன் எண்டு உமக்குத் தெரியுந்தானே. அதுக்குத்தானே நீர் கேக்கிறன் எண்டனீர்."

இராசமணி திரும்பி நடந்தாள். ஊர் முழுக்க ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தவள். அன்றைக்கு வீடு வரும் வரை தனக்கு ஒன்று தேடினாள். ஒன்றும் போதுமான அளவு கேவலமாக வரவில்லை. நாலு கைதட்டலுக்கு விரலை விற்றவளை என்னவென்று கூப்பிடுவது?

அடுத்த நாள் காலையில் வள்ளக்காரர் ஐயாத்துரை சங்கத்து வாசலில் நின்று செய்தி சொன்னார். பெட்டி அனலைதீவில் இறங்கிவிட்டதாம். அங்கேயும் அம்மா என்ன குறை என்று கேட்டாராம். மூலையில் இருந்த ஒரு வயதான மனிசி எழும்பாமலே 'எங்களிட்டை ஒண்டுமில்லை, பிள்ளை' என்றாளாம். அவ்வளவுதானாம். மூன்று சொல். இராசமணி அந்த மனிசியை ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் அந்த நேரம் உலகத்தில் அவளுக்கு மதிப்பு வந்த ஒரே ஆள் அந்த மனிசிதான்.

உள்ளே எட்டுப் பெண்களும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு பாயைச் சுற்றி இருந்தார்கள். நடுவில் பதினாறாவது போர்வை விரிந்து கிடந்தது. பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிற, புதிதாகப் பிள்ளை பெற்ற ஒருத்திக்கு என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டும். மேசையில் ஒன்றும் இல்லை, விரிப்புக்கூட இல்லை. சாம்பலும் நூலும் எந்தக் குசினியிலும் எடுக்கலாம், ஆனால் சோளகம் யன்னலை உதைத்துக்கொண்டு நின்றது. புது அடிமட்டம் சீவ ஒரு கிழமை வேண்டும் என்றிருந்தார் மார்க்கண்டு. அந்த மனிசனின் ஒரு கிழமை என்றால் ஒரு மாதம். எட்டுப் பேரும் இராசமணியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் குந்தினாள். கட்டுப்போட்ட வலது கையை மடிக்குள் வைத்தாள். இடது கைப் பெருவிரலைத் துணியில் ஊன்றி, கண்மட்டத்தில் இழுத்தாள்.

கோடு ஒரு முழம் நேராகப் போயிற்று. பிறகு வலப்பக்கம் சாய்ந்தது. அவள் திருத்தப் பார்க்க, மற்றப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், கால்மாட்டில் மூலையை விட்டு நாலு விரற்கடை தள்ளி முடிந்தது. இப்படி ஒரு கோட்டை வேறு யாராவது போட்டிருந்தால் இராசமணி ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பாள். அவள் தலையைக் குனிந்தபடியே, யாராவது ஒருத்தி சிரிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"வடிவாயிருக்கு, அக்கா" என்றாள் சிவக்கொழுந்து, மெல்ல.

கோணல் என்று அவளுக்கும் தெரியும், எட்டுப் பேருக்கும் தெரியும். இராசமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவமானத்தில் அழுகிறோம் என்று தெரிந்தே அழுதாள்.

"வாயைப் பொத்திக்கொண்டு தை" என்று சொல்லிவிட்டு, அடுத்த கோட்டுக்கு இடது விரலை ஊன்றினாள்.